பின்கட்டுக்காரிக்கு ஓர் உருண்டை

மைக்கைப் பிடித்து இருபது நிமிஷம் ஆகிறது, பேராசிரியர் தாணுமூர்த்தி இன்னும் தலைவாசலை விட்டு நகரவில்லை. ‘இந்த நிலைச்சட்டத்தைப் பாருங்கள், நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் ஒரு பூச்சி அரிப்பு உண்டா?’ என்கிறார். பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். தலைவாசலுக்கு மேலே சட்டத்தின் நடுவில் கஜலட்சுமி, அவளுக்குக் கீழே ஒரு கொடி, கொடிக்குள் அந்தப் பெயர், ‘குற்றாலலிங்கம் பிள்ளை 1912’. என் மாமனாருக்குத் தாத்தா. எட்டுத்தூண் வீட்டைக் கட்டியவர் என்று தென்காசி முழுக்க நம்புகிற ஆள். வெளியே வாசலை ஒட்டின சுவரில் அவர் பெயரைக் கருங்கல்லில் அடித்துப் பதித்து, மேலே மஞ்சள் பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பத்தரைக்குள் நல்ல நேரம். அதற்குள் என் கொழுந்தன் வேலாயுதமும் அவன் பெண்டாட்டி சுகந்தியும் தம்பதியாக வாசற்படி தாண்டிப் போய் அந்தத் துணியை விலக்க வேண்டும். குற்றாலச் சாரல் காலையிலிருந்தே விடாமல் அடிப்பதால் நாற்காலிகளை எல்லாம் உள்ளே போட்டாயிற்று. என் நாற்காலி கடைசி வரிசைக்கும் பின்னால், பின்கட்டுக்குப் போகிற நடையின் ஓரத்தில். என் மடியில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் எள்ளும் கருப்பட்டியும் போட்டுப் பிசைந்த ஒரு சோற்று உருண்டை. சூடு இன்னும் ஆறவில்லை, இலை வழியாகத் தொடையைச் சுடுகிறது. அவர்கள் துணியை விலக்குகிற நேரத்தில் நான் பின்வாசலில் போய் இதை வைத்துவிட்டு வர வேண்டும். இன்றைக்கு எனக்கு இந்த வீட்டில் கொடுத்திருக்கிற வேலை இது ஒன்றுதான்.

உருண்டை பின்கட்டுக்காரிக்கு. இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால், கல்யாணமோ சடங்கோ காதுகுத்தோ, முதலில் அவளுக்கு ஓர் உருண்டை பின்வாசலில் வைத்தாக வேண்டும். மூத்த மருமகள்தான் வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. வைத்த உருண்டையை யாரும் தாண்டக் கூடாது, வைத்தவளைத் தவிர யாரும் தொடவும் கூடாது. நான் கல்யாணம் ஆகி வந்த மறு மாசமே மாமியார் சொல்லிக் கொடுத்தாள். யார் அத்தை அது என்று கேட்டதற்கு, ‘பேரெல்லாம் சொல்லக் கூடாது. நம்ம தாத்தாவுக்கு அண்ணன் பெண்டாட்டி. புருஷன் போனவ, பிள்ளையும் கிடையாது. பாவம்னு தாத்தா பின்கட்டுல இடம் கொடுத்தாரு. இவ என்ன செஞ்சா? நிலை வச்ச அன்னைக்குப் பின்னால நின்னு வயிறெரிஞ்சு கண்ணு போட்டா. செத்தும் அந்தக் கண்ணு போகல’ என்றாள். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் நான் பிசைந்திருக்கிறேன், எத்தனை உருண்டை என்று நினைவில்லை. என் புருஷன் போன பிறகு மஞ்சள் அரைக்கிற வேலையிலிருந்து என்னை எடுத்தார்கள், ஆரத்தி எடுப்பதிலிருந்து எடுத்தார்கள், ஆள் புறப்படும்போது எதிரே வருவதிலிருந்துகூட எடுத்தார்கள். உருண்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். காலையில் சுகந்திதான் பச்சரிசிச் சோற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ‘நீங்களே பிசைஞ்சு வச்சிருங்கக்கா. உங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது.’ எவ்வளவு அக்கறையாகச் சொன்னாள். பட்டுப்புடவைக்கு மேலே ஒரு துண்டைப் போட்டு, எள் தெறித்துவிடாமல் தள்ளி நின்றுகொண்டு சொன்னாள்.

கைதட்டுகிறார்கள். எதற்கு? ‘தேக்கைத் தட்டிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லும் ஆற்றல் பெற்றவர் குற்றாலலிங்கனார்’ என்கிறார் பேராசிரியர். இவர் போய் ஒட்டுக் கேட்டது போல. மூன்று மாசமாக வருகிறார் இந்தத் தாணுமூர்த்தி. கல்லூரியில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவராம். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு, தூணைக் கட்டிப்பிடித்து அளவெடுத்தார், கூரை ஓட்டைப் பிரித்து எண்ணினார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். மூன்று மாசத்தில் அந்த மனுஷன் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்தான், ‘அம்மா, சீனி கொஞ்சம் கம்மியா.’ பத்திர ஆபீசில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்தவள் நான். இந்தத் தாலுகாவில் எந்த மனை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று என்னைக் கேட்டுவிட்டுப் போக வக்கீல்கள் வந்து நிற்பார்கள். இவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களிடம் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுப்போம் என்று நானும் இருந்தேன். அது என் வீம்பு. கேட்காதவனுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்கிற வீம்பு. கடைசியில் வீம்பு யார் தலையில் விடிந்தது? வெளியே கல்லில் விடிந்திருக்கிறது.

காகிதம் இப்போதும் கைப்பையில் இருக்கிறது. மடித்து மடித்து மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்ட ஜெராக்ஸ். மாமியார் இறந்த வருஷம், பாகப்பிரிவினைக்காக என் புருஷன் வில்லங்கம் பார்க்கச் சொன்னார். ஆபீஸ் ரிக்கார்டு அறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே ஏணி போட்டு ஏறி, 1919ஆம் வருஷத்துப் புத்தகத்தை இறக்கினேன். பூச்சி மருந்து வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. கையெழுத்து சங்கிலி சங்கிலியாக ஓடும், பழகாதவர்களுக்கு ஓர் எழுத்துப் புரியாது. எனக்குப் புரிந்தது. ‘தென்காசியிலிருக்கும் காலஞ்சென்ற சுப்பையா பிள்ளை பெண்ஜாதி உலகம்மாள், என் மரக்கடையில் என்னிடம் வேலை பார்த்து வரும் என் கொழுந்தன் குற்றாலலிங்கம் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த தான சாசனம்.’ நின்றுகொண்டு வாசித்தவள் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘நான் மனை வாங்கி, மரம் வாங்கி, ஆள் வைத்துக் கட்டி, அனுபவித்து வரும் மெத்தை வீடு.’ அதற்கு அடுத்த வரிதான் என்னைக் குத்தியது, இன்றைக்கு வரைக்கும் குத்துகிறது. ‘நிலை வைக்கும்போது விதவையாகிய நான் முன்நிற்கக் கூடாதாகையால், மேற்படி குற்றாலலிங்கம் பிள்ளையையும் அவர் பெண்ஜாதியையும் தம்பதியாக நிற்க வைத்தேன். நிலைக்குக் கை வைத்தவர் பெயரை ஆசாரி வழக்கப்படி சட்டத்தில் செதுக்கினார். ஆனபோதிலும் வீடு என்னுடையதே.’ கீழே கைநாட்டு இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

ஆனபோதிலும் வீடு என்னுடையதே. அந்தக் காலத்தில் ஒருத்தி உட்கார்ந்து, எழுதுகிறவனிடம் இதைச் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். எழுதினவன் சிரித்திருப்பான், ‘தானமாகக் கொடுக்கிற வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கம்மா’ என்று கேட்டிருப்பான். எழுதும் ஓய் என்றிருப்பாள். பின்னாளில் ஒரு தாணுமூர்த்தி வருவான், அண்ணாந்து பார்த்து வாசிப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நிலை வைத்த அன்றைக்கு எங்கே நின்றிருப்பாள்? பின்வாசலில்தான். தொழுவத்தை ஒட்டி. வாசல் அடியில் நவதானியமும் நாணயமும் அவள் வாங்கிக் கொடுத்ததாகத்தான் இருக்கும், போட்டது குற்றாலலிங்கம் பெண்டாட்டியாக இருக்கும். அன்றைக்கு ஒரு நாள் முகூர்த்தத்துக்கு நின்று கொடுத்தவன். ஒரு நாழிகைக்கு இரவல் புருஷனும் பெண்டாட்டியும். இரவல் வாங்கினது அவளா, அவர்களா? உனக்குப் புத்தி எங்கே போயிற்று உலகம்மா? மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினாயே, அவனைத் தட்டிப் பார்த்தாயா? அவ்வளவு பெரிய மரக்கடையை ஆண்டவளுக்கு, நான்தான் நிற்பேன், யார் என்ன செய்துவிடுவீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லையா? வரவில்லை. யாருக்குத்தான் வந்தது. எனக்கு வந்ததா.

ஓர் எறும்பு இலையிலிருந்து ஏறி மணிக்கட்டில் ஊர்கிறது. கருப்பட்டி வாசனைக்கு வந்திருக்கிறது. தட்டிவிட்டால் இலை சரியும். ஊரட்டும். நான் இவளை வெறுத்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம், என்னிடமே. கல்யாணமான இரண்டாம் வருஷம், நாத்தனார் கல்யாணத்துக்கு உருண்டை வைத்துவிட்டு வரும்போது பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அணில். இலையை இழுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு அப்போது நாலு மாசம். பத்தாம் நாள் கரு கலைந்தது. ‘திரும்பிப் பார்த்திருப்ப. உண்மையச் சொல்லு’ என்று மாமியார் படுக்கை ஓரத்தில் நின்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குப் பிடித்த வெறுப்பு. என் பிள்ளையைத் தின்றவள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் அவள் உருண்டையில் கருப்பட்டி போடவே இல்லை. வெறும் எள்ளும் சோறும். செத்தவளுக்கு இனிப்பு ஒரு கேடா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பிசைவேன். சாசனத்தை வாசித்த பிறகுதான் மறுபடி கருப்பட்டி போட ஆரம்பித்தேன். அதைத் தவிர என்ன செய்தேன்? ஜெராக்ஸைக் கொண்டுவந்து புருஷனிடம் காட்டினேன். அவர் வாசித்தார், இரண்டு தடவை வாசித்தார். ‘இது நம்மளோட இருக்கட்டும் பகவதி. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கா. இப்பப் போய் அவ பேரை வீட்டுக்குள்ள எடுக்காத’ என்றார். சரி என்றேன். சங்கரலிங்கம் நல்ல மனுஷன் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனுஷன்தான். அவர் செத்த பிறகும் நாலு வருஷமாக நான் சரி என்றே இருக்கிறேன்.

‘அந்நாளில் பெண்களின் நிலை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்’ என்று பேராசிரியர் குரலைத் தாழ்த்துகிறார். ஐயோ, இவர் எங்கே போகிறார் என்று தெரிந்துவிட்டது. போகாதே. ‘தமையனார் மறைந்தபின், ஆதரவற்று நின்ற அண்ணியாரை இதே வீட்டின் பின்கட்டில் வைத்து, இறுதிமூச்சு வரை சோறிட்டுக் காப்பாற்றிய பெருந்தகை.’ வேலாயுதம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கைதட்டல் முன் வரிசையில் ஆரம்பித்துப் பின்னால் வருகிறது. சுகந்தி புடவைத் தலைப்பால் கண்ணைக்கூட ஒற்றிக்கொள்கிறாள். சோறிட்டு. சோறிட்டுக் காப்பாற்றினானாம். என் மடியில் இருக்கிறதே, இந்தச் சோறா? தாணுமூர்த்தி ஐயா, இங்கே வந்து பாரும், வீடு கட்டினவளுக்கு அவள் வீட்டில் நூறு வருஷமாகப் போடுகிற சோறு இதுதான். தின்றுவிட்டுப் போ, உள்ளே வராதே என்று சொல்லிப் போடுகிற சோறு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளும் தட்டுகிறாள். என் இரண்டு கையும் இலையைப் பிடித்திருக்கிறது. நல்ல வேளை, இல்லாவிட்டால் பழக்கத்தில் நானும் தட்டியிருப்பேன்.

போன வாரம் வேலாயுதம் சென்னையிலிருந்து வந்திறங்கியதும் காகிதத்தைக் காட்டினேன். நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்தான். ‘இது எதுக்கு மதினி இப்ப? கல்லு அடிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. வீட்டை எடுக்கிற ஹோட்டல்காரர் இதுக்குப் பேரே ‘குற்றாலலிங்கம் இல்லம்’னுதான் வைக்கப் போறாரு. யாரு போய் இதை எல்லாம் கிண்டப் போறா?’ என்றான். நான் கிண்டினேனே தம்பி என்றேன். சிரித்தான். நல்ல சிரிப்பு, எதிரில் இருப்பவரைச் சின்னப் பிள்ளையாக்குகிற சிரிப்பு. பிறகு பேச்சை மாற்றுகிறவன் போல, முன்கட்டு அறைகளையெல்லாம் ஏசி போட்டு ஹோட்டலுக்கு விட வேண்டியிருக்கிறது என்றான். ‘நீங்க பின்கட்டு ரூமுல சௌகரியமா இருந்துக்கலாம் மதினி. தனியா பாத்ரூம் கட்டித் தாரேன். காத்தும் நல்லா வரும்.’ சாசனத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. ‘என் ஆயுள் பரியந்தம் நான் பின்கட்டு அறையில் இருந்துகொள்வேன்.’ அந்த வரியை வாசித்துக் காட்டலாமா என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அந்த அறையில் நான் செத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுகந்தியின் மருமகள் வருவாள். யார் அத்தை அது என்று கேட்பாள். பேரெல்லாம் சொல்லக் கூடாது என்பாள் சுகந்தி. இரண்டு உருண்டையாகப் பிசைவார்கள்.

அந்த அறைச் சுவரில் முதுகு சாய்கிற உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஓர் இடம் உண்டு. உலகம்மாள் சாய்ந்து சாய்ந்து ஆன கறை என்று முன்பு நினைத்திருக்கிறேன். இருக்காது, எத்தனையோ வெள்ளை அடித்தாயிற்று. அது என் அம்மா. வேண்டாம், அதற்குள் போக வேண்டாம். பேராசிரியர் என்ன சொல்கிறார், தூண்களைப் பற்றி, எட்டுத் தூணும் ஒரே மரத்தில் என்கிறார், அதைக் கேட்கலாம். அம்மா மூன்றாவது தூணில்தான் சாய்ந்து நின்றாள். என் மகள் நாச்சியார் கல்யாணத்தன்று, கடையநல்லூரிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, பேத்திக்குப் பிச்சிப்பூவைப் பந்தாகச் சுருட்டி ஈரத்துணியில் கட்டிக் கொண்டுவந்து, அந்தத் தூணோரம் நின்றாள். அப்பா போய் ஆறு மாசம். மாமியாரும் அப்போது இல்லை. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. சாசனத்தை அதற்கு முன்பே வாசித்தவள் நான், பட்டுப்புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாகப் போய், குரலைத் தாழ்த்தி, ‘அம்மா, தாலி கட்டுற நேரம், நீ கொஞ்சம் பின்கட்டுல இரு’ என்றேன். ‘ஏளா, நானே போவம்னுதான் நினைச்சேன்’ என்றாள். பூவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அறையில் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் நான் உருண்டையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அம்மா காலை மடக்கிக்கொண்டு எனக்கு வழி விட்டாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. சாயங்காலம், தாலி கட்டினதைப் பார்த்தியாம்மா என்று நான் கேட்டேன், எனக்கு எவ்வளவு கொழுப்பு, கேட்டேன். ‘மேளச் சத்தம் கேட்டுது. அது போதும்’ என்றாள். அடுத்த வருஷம் போய்விட்டாள். குற்றாலலிங்கத்தை நான் என்னவென்று திட்டுவது? அவனாவது வீட்டுக்கு ஆசைப்பட்டான். நான் எதற்கு ஆசைப்பட்டேன்?

‘ஆக, பெரியோர்களே, மரமே இங்கே சாட்சி சொல்கிறது’ என்று முடிக்கிறார் பேராசிரியர். மரம் சாட்சி சொல்கிறதாம். செதுக்கினதைச் சொல்கிறது. மரத்துக்கு வேறு என்ன தெரியும். பத்து இருபத்தொன்று. வேலாயுதம் எழுந்து வேட்டியை இறுக்குகிறான். சுகந்தி கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டு, திரும்பி, தலைகளுக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்துக் கண்ணால் பின்பக்கத்தைக் காட்டுகிறாள். போங்க அக்கா, போங்க. ‘இப்போது குற்றாலலிங்கனாரின் கொள்ளுப் பேரன் திரு. வேலாயுதம் தம்பதி சமேதராக வந்து’ என்று மைக் சொல்கிறது. எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. சூடு ஆறிப் போன உருண்டை இலையில் கொஞ்சம் நகர்ந்து நின்றது. நடையில் நாலடி வைத்தேன். பின்கட்டு அறையின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே என் கட்டிலைப் போட்டுவிட்டார்கள். எப்போது போட்டார்கள்? நேற்று நான் கோயிலுக்குப் போயிருந்தபோதா? என் தலையணை, என் மருந்து டப்பா, சுவரில் என் புருஷன் படத்துக்கு ஆணிகூட அடித்தாயிற்று. அதற்கப்பால் பின்வாசல், சாரலில் நனைந்த படி. இங்கே வந்தால், உருண்டை வைக்கக் குனிகிற இடத்துக்கு என் கால் தானாகப் போகும், முப்பத்தைந்து வருஷப் பழக்கம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். திரும்பினேன்.

நாற்காலிகளுக்கு நடுவே போனேன். யாரோ காலை மடக்கி வழி விட்டார்கள், என்னவோ தாம்பாளம் கொண்டுபோகிறேன் என்று நினைத்தார்கள் போல. வேலாயுதமும் சுகந்தியும் தலைவாசலுக்கு இரண்டடி இந்தப் பக்கம் நின்றார்கள், பேராசிரியர் மைக்கோடு ஒதுங்கி நின்றார். அவர்களைத் தாண்டிப் போய், வாசற்படியின் நட்டநடுவில், கஜலட்சுமிக்கும் அந்தப் பெயருக்கும் நேர் கீழே, இலையை வைத்தேன். வெளியே போய் நிற்கவில்லை. படியின் ஓரமாகவே நின்றுகொண்டேன்.

“அக்கா!” என்றாள் சுகந்தி. இரண்டடி பின்னால் போனாள்.

“என்ன மதினி இது? எல்லாரும் பாக்காங்க. எடுங்க” என்றான் வேலாயுதம், பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பைக் கலைக்காமல்.

“வீட்டுக்காரிக்குச் சோறு தம்பி. இத்தனை வருஷமா இடம் மாறிப் போயிட்டு. அவ வாசல் இதுதான்.”

ஹோட்டல்காரர் முன்னால் வந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “பரவால்ல, ஓரமா தாண்டிப் போயிடலாமே” என்று காலைத் தூக்கினார். “ஐயோ, தாண்டிராதீங்க!” என்று சுகந்தி போட்ட கூச்சலில் தூக்கின காலைத் தூக்கின இடத்திலேயே வைத்தார். முன் வரிசையில் இருந்த எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது என்ன உருண்டை என்று தெரியும். ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்கள். சாரல் உள்ளே தெறித்து இலை நனைந்தது. படிக்கு அப்பால் மஞ்சள் துணி காற்றில் புடைத்து அடங்கியது, அதைத் தொட ஆளில்லை.

பேராசிரியர்தான் கேட்டார். “யாரும்மா வீட்டுக்காரி?”

மூன்று மாசம் கழித்துக் கேட்கிறார். கைப்பையைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தேன். “வாசிங்க சார். மைக்கிலயே வாசிங்க.” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். பழைய எழுத்து, தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. ‘காலஞ்சென்ற சுப்பையா பிள்ளை பெண்ஜாதி உலகம்மாள், என் மரக்கடையில் என்னிடம் வேலை பார்த்து வரும்’ என்று வந்து நின்றுவிட்டார். பிறகு சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய, கடைசி வரை வாசித்தார். அண்ணாந்து சட்டத்தைப் பார்த்தார். அவர் காதோரத்தில் சாயம் வேர்வையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

“சார், அதைக் கொடுங்க. மைக்கை ஆஃப் பண்ணுங்க முதல்ல” என்றான் வேலாயுதம். அவர் கொடுக்கவில்லை. “இதோட ஒரிஜினல் எங்கம்மா இருக்கு?” என்று என்னைக் கேட்டார். ஆபீஸில் ஒண்ணாம் புத்தகத்தில் என்றேன். எழுதிக்கொண்டார். எழுதட்டும், எழுதி என்ன செய்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் மேல் மட்டும் இல்லை, அங்கே நின்ற ஒருத்தர் மேலும் இல்லை. நாளைக்கே என்னைக் கிறுக்கச்சி என்பார்கள், புருஷன் போன பிறகு இப்படி ஆகிவிட்டது என்பார்கள். கட்டிலைப் பின்கட்டிலிருந்து நானேதான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். இழுத்துக்கொள்கிறேன்.

“அக்கா, நல்ல நேரம் முடியப் போவுது” என்றாள் சுகந்தி. அவள் மகளுக்கு இது ஏழாம் மாசம், சென்னையில் இருக்கிறாள், எனக்குத் தெரியும். பின்கட்டுக்காரியை அவள் என்னைவிட அதிகமாக நம்புகிறாள். “உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். எடுத்திருங்கக்கா. நீங்கதான எடுக்க முடியும்.”

நான்தான் எடுக்க முடியும். மூன்றாவது தூணில் இப்போது யாரும் சாய்ந்திருக்கவில்லை. அங்கே பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். “எடுக்கேன். அவ பேரைச் சொல்லு, எடுக்கேன்.”

அவள் வேலாயுதத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மைக் இரைந்துகொண்டிருந்தது. சுகந்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். “உலகம்மாள்.”

பயத்தில்தான் சொன்னாள். இருக்கட்டும்.

“காது கேக்கல சுகந்தி. இன்னொரு தடவை சொல்லு.”